ஸ்டாண்ட் அப் பார்த்தபின் என்னிடம் கேட்ட கேள்விகள்: சிரிக்கலாமா, கோபப்படலாமா?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு மாடி அறையில் இருபது, இருபத்தைந்து பேர் கூடி எதையாவது பார்த்துவிட்டுப் பேசுவோம். பெரும்பாலும் என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகள்தான். கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். சிலர் அம்மாவையோ அண்ணனையோ கூட்டி வருவார்கள்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டேவ் ஷாப்பலின் 'தி குளோசர்' நிகழ்ச்சியைப் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சந்தையில் நிறுத்திக் கேட்கிறார்கள், வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

ஸ்டாண்ட் அப் ஸ்பெஷல்னா என்னா டீச்சர்? பட்டிமன்றம் மாதிரியா?

பட்டிமன்றத்தில் தலைப்பு உண்டு, எதிரணி உண்டு, தீர்ப்புச் சொல்ல நடுவர் உண்டு. இதில் ஒரே ஒரு ஆள், ஒரு மைக், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவர் சொல்வதை மறுத்துப் பேச மேடையில் யாரும் இல்லை. கூட்டம் சிரிப்பதும் கைதட்டுவதும் பேசாமல் இருப்பதும்தான் மறுமொழி.

அப்படி ஒரு நிகழ்ச்சியை முழுதாக ஒளிப்பதிவு செய்து வெளியிட்டால் அதை ஸ்பெஷல் என்கிறார்கள். பார்க்கும்போது தோன்றியதைப் பேசுகிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் சின்னச் சின்ன அரங்குகளில் மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்து, எந்தச் சொல்லில் சிரிப்பு வருகிறது, எங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்று செதுக்கிச் செதுக்கி எடுத்தது அது. அதனால் "வாய் தவறி வந்துவிட்டது" என்ற சமாதானம் ஒரு ஸ்பெஷலுக்குச் செல்லாது.

அப்படி என்னா சொன்னாரு அந்த ஆளு, இவ்வளவு சண்டை வர்றதுக்கு?

'தி குளோசர்' 2021 அக்டோபர் 5 ஆம் திகதி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. டெட்ராய்ட் நகரில் எடுத்தது, 72 நிமிடம். ஷாப்பல் கறுப்பின அமெரிக்கர். கறுப்பின மக்கள் எத்தனையோ தலைமுறையாகப் போராடியும் கிடைக்காத மரியாதை ஓரினச் சேர்க்கையாளர்களுக்கும் திருநர்களுக்கும் சீக்கிரமே கிடைத்துவிட்டது என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நடத்தும் வழியில் திருநர்களின் உடலைப் பற்றி நிறையக் கேலி வருகிறது. கடைசியில், தனக்கு ஆதரவாகப் பேசிய டாஃப்னி டோர்மன் என்ற திருநங்கை நகைச்சுவைக் கலைஞரைப் பற்றிச் சொல்கிறார். அவர் 2019 இல் உயிரை மாய்த்துக்கொண்டவர். அந்தப் பகுதியில் எங்கள் அறை அப்படியே அடங்கிப்போனது.

அக்டோபர் 20 அன்று நெட்ஃபிளிக்ஸ் ஊழியர்கள் பலர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நிறுவனம் நிகழ்ச்சியை நீக்கவில்லை. விமர்சகர்கள் பலர் கடுமையாக எழுதினார்கள், இணையத்தில் மதிப்பெண் போட்ட ரசிகர்களோ கொண்டாடினார்கள். 2022 ஜூலையில் மினியாபொலிஸில் ஒரு அரங்கம் அவருடைய நிகழ்ச்சியை அன்றைக்கே ரத்துச் செய்தது. அதே இரவு அவர் வேறு அரங்கில் பேசினார்.

எங்களுக்கு பாதி எடத்துல சிரிப்பே வரலையே. எங்க இங்கிலீஷ் பத்தாதா?

இங்கிலீஷ் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. நகைச்சுவை எப்போதும் பாதியைச் சொல்லும், மீதிப் பாதி கேட்கிறவர் மனதில் முன்பே இருக்க வேண்டும். "அரைப் பேர்" என்று நான் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்: நாள் முழுக்க மலையில் நின்றும் குறித்த கிலோ வராததால் அம்மா வாங்கிவரும் பாதிச் சம்பளம். சென்னையில் ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால், தமிழ் விளங்கும், விஷயம் விளங்காது. டெட்ராய்ட் அரங்கத்தில் இருந்தவர்கள் மனதில் இருந்த பாதி நம்மிடம் இல்லை.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். காரணம் அவருடைய தமிழ்க் கவிதைகள். தீவிரவாதத்தை எதிர்த்த வரிகள்கூட தமிழ் தெரியாதவர்கள் கையில் தலைகீழாக வாசிக்கப்பட்டன. 2021 டிசம்பர் வரை உள்ளே இருந்தார். 2023 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதைக்கே இந்தக் கதி என்றால், சொன்னதற்கு நேர் எதிரைச் சொல்லவரும் நகைச்சுவையின் பாடு இன்னும் மோசம்.

அம்மா, அப்பாவோட உக்காந்து பாக்கலாமா?

'தி குளோசர்' வேண்டாம். கெட்ட வார்த்தை நிறைய.

எல்லாரோடயும் பாக்குறப்ப சிரிச்சேன். வீட்டுக்குப் போய் அதே கிளிப்பைப் போன்ல பாத்தா கோவம் வருது. எது உண்மை?

இரண்டுமே உண்மை. சிரிப்பு தொற்றும். பக்கத்தில் இருக்கிறவர் தோள் குலுங்கினால் நமக்கும் குலுங்கும், நகைச்சுவை காதில் சரியாக விழுந்திருக்கவே தேவையில்லை. தனியாக இருக்கும்போது சொல் மட்டும்தான் மிஞ்சுகிறது.

இன்னொன்று, கிளிப் என்பது துண்டு. ஒரு ஸ்பெஷலில் பத்தாவது நிமிடம் சொன்னதை ஐம்பதாவது நிமிடத்தில் அவரே புரட்டிப் போடுவார். நடுவில் நாற்பது விநாடியை வெட்டி எடுத்துப் பரப்பினால், அது வேறொன்றாகிவிடும். ஷாப்பல் தன் நிகழ்ச்சிகளுக்கு வருகிறவர்களின் போன்களைப் பூட்டுப் போட்ட பையில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே எங்கள் அறையில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்: முழுதாகப் பார்க்காதவர் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது, புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி.

சிரிச்சிட்டேன் டீச்சர். அப்புறம் மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. நான் கெட்டவளா?

இல்லம்மா. சிரிப்பு தும்மல் மாதிரி, அனுமதி கேட்டுக்கொண்டு வராது. தொல்காப்பியர் நகை எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பது எள்ளல். அடுத்தவரை இளக்காரமாகப் பார்ப்பதில் சிரிப்பு இருக்கிறது என்பது அவ்வளவு பழைய செய்தி. சிரித்ததால் யாரும் கெட்டவராகிவிட மாட்டார். "ஏன் சிரித்தேன்" என்று அந்த இரவே யோசிக்கத் தொடங்கினாயே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். திருநர்களைப் பற்றிய பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். யார் என்பது இங்கே தேவையில்லை. கையில் இருந்த பிளேன்டீயைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே சிரிப்பு வரும்போதெல்லாம் அவர் கழுத்து லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது. நிகழ்ச்சி முடிந்து நான் போனபோது அந்தத் தேநீர் குடிக்காமல் ஆறிக் கிடந்தது. "ஒண்ணுமில்ல டீச்சர், உள்ள புழுக்கமா இருந்துச்சு" என்றார். ஹட்டனில், மழை நாளில்.

நம்மளத் "தோட்டக்காட்டான்"னு சொல்லிச் சிரிக்கிறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். எனக்கு இருபத்தொரு வயதில் வேறு ஊரில் ஒரு பயிற்சி நெறிக்குப் போயிருந்தேன். கடைசி நாள் கலை நிகழ்ச்சியில் ஒரு பெண், கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டி, தலையில் கூடையை மாட்டி, வாய் நிறைய வெற்றிலையோடு மேடையில் தள்ளாடி வந்தாள். நாம் பேசுகிற மாதிரி இழுத்துப் பேசினாள். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், தனியாகத் தெரியக் கூடாது என்பதற்காக. அந்த நேரத்தில் என் அம்மா அதே படங்கைக் கட்டிக்கொண்டு ஈர மலையில் நின்றிருப்பார். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் தொண்டையில் இருக்கிறது.

ஷாப்பலுக்கு இந்த வலி தெரியாததல்ல. 2005 இல் ஐந்து கோடி டொலர் ஒப்பந்தத்தையும் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் விட்டுவிட்டு அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். கறுப்புச் சாயம் பூசிய முகத்தோடு ஒரு காட்சியை எடுத்தபோது, அங்கிருந்த வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் தன்னை உறுத்தியது என்று பின்னர் பேட்டியில் சொன்னார். நையாண்டியோடு சேர்ந்து சிரிப்பது வேறு, தன் இனத்தைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அன்று அந்த வித்தியாசத்தை ஒரு சிரிப்பின் ஓசையிலேயே பிடித்த காது அவருடையது. 'தி குளோசர்' எடுத்த இரவு அந்தக் காது திருநர்கள் பக்கம் திரும்பவில்லை என்பதுதான் என் மனக்குறை. அவர் பெரிய கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் குறை பெரிதாகத் தெரிகிறது.

ஒன்றா என்று கேட்டால், நான் பார்ப்பது இதை: கேலிக்கு ஆளானவர் அதே அளவு சத்தமாகத் திருப்பிப் பேச முடியுமா? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்களே, அந்த ஏழையை வைத்து அம்பலத்தில் சிரிப்பு மூட்டுவது சுலபமான வேலை. துரையையும் கங்காணியையும் கிண்டல் செய்து நம் ஆட்கள் கொழுந்து எடுத்துக்கொண்டே பாட்டுக் கட்டினார்கள். பிரம்பு யார் கையில் இருந்தது என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும்.

அப்ப நம்மள நாமே கிண்டல் பண்ணிக்கிட்டா தப்பில்லதானே?

அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை. ஹன்னா காட்ஸ்பி என்ற அவுஸ்திரேலியக் கலைஞரின் 'நனெட்' 2018 இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஓரினச் சேர்க்கை 1997 வரை குற்றமாக இருந்த டாஸ்மேனியாவில் வளர்ந்தவர். தன்னைத் தானே கேலி செய்து பெயர் வாங்கியவர், மேடையிலேயே அதை இனிச் செய்யமாட்டேன் என்கிறார். ஏற்கனவே ஓரத்தில் தள்ளப்பட்டவர் தன்னைத் தாழ்த்திச் சிரிக்க வைத்தால் அது பணிவாகாது, அவமானம்தான் என்பது அவர் சொல்லும் காரணம். பிறகு கூட்டத்தைச் சிரிக்க விடாமல் நீண்ட நேரம் பேசுகிறார். "இது நகைச்சுவையே இல்லை" என்று கோபப்பட்டவர்களும் நிறையப் பேர்.

முன் கேள்வியில் சொன்ன என் சிரிப்பை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் நம் பையன்கள் "நாங்க தோட்டத்து ஆளுங்கதானே" என்று தாங்களே முந்திக்கொண்டு சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அடுத்தவன் அடிக்கும் முன் தன்னையே அடித்துக்கொள்வது அது. ஆனால் நமக்குள், லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து, பெரியம்மா தன் கோப்பி நிறத்தைத் தானே பாடிச் சிரிப்பார், அதில் வலி இல்லை. யார் முன்னால், எதற்காக என்பதைப் பொறுத்தது.

விளையாட்டுக்குக்கூட இகழ்ந்து பேசக்கூடாதுன்னு குறள்லயே இருக்கே. அப்ப இந்தக் கலையே தப்பா?

இருக்கிறது, பண்புடைமை அதிகாரத்தில். நகையாடும்போதுகூட இகழ்ச்சி துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். சொன்னது இகழ்ச்சியைப் பற்றித்தான். அவர் நகையை விலக்கச் சொல்லவில்லை. ஒருவர் செய்ததைக் கேலி செய்வதற்கும் ஒருவரின் பிறப்பையோ உடலையோ கேலி செய்வதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. செய்ததை மாற்றிக்கொள்ளலாம், பிறந்ததை என்ன செய்வது?

ஆனால் நல்ல கலைஞர்கள் அந்தக் கோட்டின் மேலேயேதான் நடப்பார்கள், சில நேரம் தாண்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். கோட்டுக்கு ஒரு மைல் தள்ளி நின்று பேசுகிறவரை ஒரு மணி நேரம் யாரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள்.

நம்ம நாட்டுல இப்பிடிப் பேசினா ஜெயில்ல போட்டுருவாங்களா?

போட்டிருக்கிறார்கள். 2023 மே மாத இறுதியில் நடாஷா எதிரிசூரிய என்ற சிங்கள ஸ்டாண்ட் அப் கலைஞர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். 'மோடாபிமானய' என்ற நிகழ்ச்சியில் பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்பது முறைப்பாடு. கிளிப் பரவியதும் அவர் மன்னிப்புக் கேட்டார். அது போதவில்லை. ஐந்து வாரங்களுக்கும் மேல் விளக்கமறியலில் இருந்துவிட்டு ஜூலை 5 ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றத்தில் பிணை பெற்றார்.

ஏன் அவ்வளவு நாள்? அவர்மீது பாய்ந்தது ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். இன, மத வெறுப்பைக் கிளப்பிப் பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டினால் பத்து வருடம் வரை கடூழியச் சிறை. இதில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்க வேண்டும். சிறுகதை எழுதிய ஷக்திக சத்குமாரவும் 2019 இல் இதே சட்டத்தில் நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

தூண்டுதல் என்றால் என்ன என்று மலையகத்தில் இருக்கும் நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது பேஸ்புக்கில் ஓடியதைப் பார்த்தோம். அரசாங்கம் சமூக வலைத்தளங்களையே சில நாள் முடக்கியது. இன்ன ஊரில் கூடுங்கள், இன்னாரை அடியுங்கள் என்பது தூண்டுதல். மேடையில் ஒரு பெண் சொன்ன, சிலருக்குப் பிடிக்காத நகைச்சுவையை அதே தராசில் வைப்பது அநியாயம். இதை நான் பௌத்த நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிடித்த சாமியைக் கிண்டல் செய்தாலும் இதையேதான் சொல்வேன்.

நான் சும்மா ஷேர் பண்ணினாலும் மாட்டிக்குவேனா?

நடாஷா விவகாரத்தில் காணொளியை வெளியிட்ட யூடியூப் அலைவரிசையின் உரிமையாளரும் கைதானார். 2024 இல், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. நான் சட்டத்தரணி இல்லை, பயமுறுத்தவும் விரும்பவில்லை. மதத்தையோ இனத்தையோ தொடும் துண்டை முழுதாகப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். "பாருங்கடா இந்த அநியாயத்த" என்று திட்டிக்கொண்டு அனுப்பினாலும் பரப்புவது நீங்கள்தான். கிளிப் பற்றி மேலே சொன்னதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஜெயில்ல போடக் கூடாதுங்கறீங்க. மனசு புண்பட்டவங்க அப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

யார் சொன்னது? பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்று எலி சத்தமாகச் சொல்லத்தான் வேண்டும். சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது ஒரு பதில், மேடையில் இருப்பவருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. எழுந்து போவது ஒரு பதில். காசு கொடுக்காமல் இருப்பது, எழுதுவது, நெட்ஃபிளிக்ஸ் ஊழியர்கள் மாதிரி வெளியே வந்து நிற்பது எல்லாமே பதில்கள்தான். "எனக்கு வலிக்கிறது" என்று சொல்கிறவரை "உனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை" என்று மடக்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

நாற்காலியைத் தூக்குவது பதில் ஆகாது. 2025 மார்ச்சில் இந்திய ஸ்டாண்ட் அப் கலைஞர் குணால் காம்ரா மகாராஷ்டிர அரசியல்வாதி ஒருவரைக் கேலி செய்தார் என்று, காம்ரா பேசிய மும்பை அரங்கத்தை அந்த அரசியல்வாதியின் கட்சிக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். 2021 ஜனவரி முதல் திகதி இந்தூரில் இன்னொரு ஸ்டாண்ட் அப் கலைஞர் முனாவர் ஃபாரூக்கி கைதாகி ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார், அன்று மேடையில் சொல்லாத நகைச்சுவைக்காக. புண்பட்டது யார் மனம் என்று இங்கே யாருமே கேட்கவில்லை. யாருக்குப் பலம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

எனக்கும் மைக்கைப் பிடிக்கணும்னு ஆசை அக்கா. நம்ம ஊர்ல எதைப் பத்திப் பேசுறது?

உனக்கு நன்றாகத் தெரிந்ததை. பக்கத்து வீட்டுக்காரரின் சாதியும் நிறமும் வேண்டாம், அது சுலபம், அத்தோடு மேலே அம்பலத்தைப் பற்றிச் சொன்னதையும் படித்துவிட்டாய். தேர்தலுக்குத் தேர்தல் வரும் வீட்டுக் கூரை வாக்குறுதி, கோயில் திருவிழாவில் மைக்கை விடாத தலைவர், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மாமா என்று எவ்வளவோ கிடக்கிறது. மூன்று நிமிடத்தில் தொடங்கு. கண்ணாடி முன் பேசாதே, ஆட்கள் முன் பேசு. யார் சிரிக்கவில்லை என்பதையும் கவனி.

போன மாதம் எங்கள் அறையில் ஒரு பிள்ளை முதல் தடவையாக எழுந்து ஐந்து நிமிடம் பேசினாள். கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பற்றி: தண்ணீருக்கு என்று கழிக்கிறார்கள், கூடைக்கு என்று கழிக்கிறார்கள், எங்கம்மாவையே தராசில் ஏற்றினாலும் இரண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள் என்றாள். அவளுடைய அம்மா முன் வரிசையில், வேலைக்குப் போய்வந்த கறை படிந்த விரல்களோடு உட்கார்ந்திருந்தார். அறையில் முதலில் சிரித்தது அவர்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு வீட்டுக்குப் போகும் வழியில், கணக்கில் விட்டுப்போன இன்னும் இரண்டு கழிவுகளைச் சொல்லிக் கொடுத்தாராம். அடுத்த மாதம் எட்டு நிமிடம் வேண்டும் என்று பிள்ளை கேட்டிருக்கிறாள்.